வந்தி வைத்த கடை

சோற்றை விலைக்கு விற்கலாமா என்பது என் அப்பத்தாவுக்குக் கேள்வியே இல்லை. "காசுக்குச் சோறு போடுறவன் வீடு வெளங்காதுடி" என்பார், அதோடு பேச்சு முடிந்தது. மேலூர்ப் பக்கத்துச் சம்சாரிக் குடும்பம். பாலை விற்கலாம், மோரை விற்கக் கூடாது. நெல்லை விற்கலாம், அரிசியைக்கூட விற்கலாம். உலையில் ஏறிவிட்டால் அதற்கு விலை கிடையாது. பசித்து வந்தவனுக்குப் போட வேண்டும், போட்டதைச் சொல்லிக் காட்டக் கூடாது. அவர் அந்தச் சட்டப்படியே வாழ்ந்தார். வாசலுக்கு வந்த யாரையும் ஒரு செம்பு கம்மங்கூழாவது ஊற்றாமல் அனுப்பியதில்லை.

நான் அந்த வீட்டுப் பேத்தி. மதுரைத் தலைமை அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். வடக்கு வெளி வீதியில் இருக்கும் அந்த அலுவலகத்தை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சிம்மக்கல். மதிய வேளையில் அந்தப் பக்கம் வீசும் காற்றிலேயே குழம்பு வாசம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த காலந்தொட்டு இந்த ஊரின் மெஸ்களிலும் தள்ளுவண்டிகளிலும் டிபன் கடைகளிலும் சாப்பிட்டு வருகிறேன். வேறு வழியில்லாமல் போய்ச் சாப்பிடவில்லை, ஆசையாகத் தேடிப் போய்ச் சாப்பிடுகிறேன். அதனாலேயே அப்பத்தாவின் தீர்ப்பு என்னை விடவில்லை. காசு கொடுத்து வாங்கிய சோற்றில் அறம் என்று ஒன்று உண்டா? தானமாக வராத உணவுக்குத் தெய்வ சம்பந்தம் உண்டா? கோயிலைச் சுற்றியே தெருக்களைக் கட்டிய ஊரில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் என்னால் இலையில் உட்கார முடிவதில்லை.

இங்கே சோறு விற்பது நேற்று முளைத்த தொழில் இல்லை. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் பகல் கடைத்தெருவும் இரவுக் கடைத்தெருவும் தனித்தனியாக வருகின்றன. நாளங்காடி, அல்லங்காடி. அடையும் மோதகமும் செய்து விற்கிறவர்கள் நள்ளிரவு நெருங்கும்போது தங்கள் பண்டங்களுக்குப் பக்கத்திலேயே தூங்கி விழுவதையும் அந்தப் பாட்டு விடாமல் சொல்லியிருக்கிறது. இரவு ஒரு மணிக்குப் பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றி நடந்தவர்களுக்கு அந்த வரிகள் பழைய வரிகளாகத் தோன்றாது.

இந்த ஊருக்குக் கடிகாரமே தேவையில்லை என்று எனக்குப் படும். விடிவதற்கு முன்பே இட்லிக் கொப்பரையில் ஆவி வந்துவிடும். உச்சிப் பொழுதில் மெஸ்கள். மூன்று மணி தாண்டினால் மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம், அதற்கென்றே அரைத்த பச்சைச் சட்னியோடு. அந்தி மங்கும்போது தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறப்போட்டு ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சி, மேலே தேங்காய்ப்பூ தூவிக் கொடுப்பார்கள். மாட்டுக்கு வைக்கிற கொட்டையிலிருந்து இப்படி ஒரு பானத்தை எடுத்த கையை நான் மனதாரக் கும்பிட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. இரவில் கறிதோசை. கோனார் மெஸ்ஸில் கல்லுக்கு நேர் எதிரே இடம் கிடைத்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். தடிமனாக ஊற்றிய மாவின் மேல் முட்டையை ஊற்றிப் பரப்பி, அது பிடித்துக்கொள்வதற்குள் வெந்த கறியை அள்ளிப் போட்டு, கரண்டியின் முதுகால் ஓரம் வரை அழுத்தி நிரவி, எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுவார்கள். திருப்பியபின் கல்லில் கறி நேரடியாகப் படும்போது எழும் அந்த வாசனைக்காகவே சற்று நேரம் காத்திருக்கலாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். மதுரையிலேயே நடந்ததாகச் சொல்லப்படும் இரண்டு கதைகள் எனக்கு இதில் துணை. ஒன்று சோறு கொடுத்தவனுடையது. மற்றது விற்றவளுடையது.

கொடுத்தவன் ஆபுத்திரன். மணிமேகலையில் வருகிறவன். ஊர் தள்ளிவைத்த பிள்ளை, கையில் பிச்சை ஓட்டோடு மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்குகிறான். வசதியான வீடுகளில் வாங்கி வந்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடங்கியவர், நோயாளிகள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுவிட்டு, மிஞ்சியதைத் தான் தின்று, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுக்கிறான். ஒருநாள் நடு இரவில் பசியோடு வந்து நின்றவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் தவித்தபோது சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைக் கொடுக்கிறாள். அமுதசுரபி பிறந்த இடம் மதுரை என்பதில் இந்த ஊர்க்காரியாக எனக்குப் பெருமை உண்டு.

கதை அங்கே நிற்கவில்லை. இந்திரன் வரம் தர வருகிறான். பசியாறியவர்களின் முகத்தைப் பார்ப்பதைவிட உன் உலகத்தில் என்ன இருக்கிறது என்று ஆபுத்திரன் சிரித்துவிடுகிறான். இந்திரனுக்குக் கோபம். பாண்டி நாட்டில் மழையைக் கொட்டுகிறான். விளைச்சல் பெருகுகிறது, பசி போய்விடுகிறது, அம்பலத்துக்கு யாரும் வருவதில்லை. சாப்பிட வாருங்கள் என்று ஆபுத்திரன் ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பார்க்கிறான், வருவார் இல்லை. பஞ்சம் இருக்கிற இடம் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிரை விடுகிறான்.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அது ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறது: கொடையாளிக்குப் பசித்தவன் இருந்தாக வேண்டும். ஊர் நிறைந்துவிட்டால் கொடைக்கு இடம் இல்லை. எவ்வளவு தூய்மையான மனதோடு கொடுத்தாலும் கொடுப்பவன் நிற்கிறான், வாங்குகிறவன் உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்தவள் வந்தி. மாணிக்கவாசகர் கதைக்குள் வருகிற கிழவி. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அறுபத்து நான்கு விளையாடல்களில் இது 61ஆவது. வைகையில் வெள்ளம். கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணை. வந்திக்குப் பிள்ளை இல்லை, உறவில்லை. பிட்டு அவித்து விற்றுக் காலம் தள்ளுகிறவள். ஆளுக்கு எங்கே போவாள்? சொக்கநாதர் கூலியாளாகத் தலையில் கூடையும் கையில் மண்வெட்டியுமாக வந்து நிற்கிறார். கூலி கொடுக்கக் காசில்லை, பிட்டுதான் இருக்கிறது என்கிறாள். உதிர்ந்த பிட்டை எனக்குக் கொடு, அதுவே கூலி என்கிறார் அவர். அன்றைக்கென்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்துபோயிற்று என்பது மதுரைக்காரர்கள் சேர்த்துச் சொல்வது. ஆற அமரத் தின்றுவிட்டு, ஆடிப் பாடி, கொஞ்சம் மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, படுத்துத் தூங்கிவிட்டார். பாண்டியனின் பிரம்பு முதுகில் விழுந்தது, அந்த அடி எல்லா உயிர்மேலும் பட்டது.

அடி எல்லோர்மேலும் பட்டதைத்தான் பிரசங்கங்களில் அதிகம் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய பேரம் முக்கியம். வந்தி அன்னதானம் செய்யவில்லை. அவள் கடைக்காரி. கடவுளும் அவளிடம் பிச்சை கேட்டு வரவில்லை, வேலை செய்கிறேன், கூலியாகக் கொடு என்று வந்தார். இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று விலை பேசிக்கொண்டார்கள். அவர் வந்ததும் பசிக்கு மட்டும் இல்லை, பிட்டுக்காக. அவள் கைப் பக்குவத்துக்காக. ஊரில் மடங்கள் இருந்திருக்கும், கோயிலில் நைவேத்தியம் இருந்திருக்கும், அவருக்கே படைத்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு கிழவியின் வியாபாரச் சரக்கைக் கூலியாகக் கேட்டார் என்றால், விற்கிற சோற்றுக்குத் தெய்வ சம்பந்தம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆவணி மூலத்தன்று மீனாட்சியும் சொக்கரும் ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளும்போது, திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் வந்து சேரும்போது, அத்தனை மேளமும் தீபாராதனையும் ஒரு சிற்றுண்டிக் கடைக்காரியின் வாசலில்தான் நடக்கின்றன.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம். வந்திக்குப் பக்தி இருந்தது, இன்றைக்குக் கடை வைத்திருக்கிறவனுக்கு லாபம்தானே குறி? லாபம் இருக்கத்தான் செய்கிறது. வந்தியும் லாபம் இல்லாமல் விற்றிருக்க மாட்டாள், அவளும் சாப்பிட வேண்டுமே. ஆனால் மதுரை மெஸ் ஒன்றில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பார்த்தால், விலைக்குள் அடங்காத ஏதோ ஒன்று அந்த வியாபாரத்துக்குள்ளேயே இருப்பது தெரியும். இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் பொரியலும் கூட்டும் வரும். சோற்றைக் குவித்துவிட்டு நடுவில் குழி பறிக்கச் சொல்லி நிற்பார் பரிமாறுகிறவர். "எந்தக் கொழம்புக்கா மொதல்ல? மட்டனா, நண்டா, மீனா?" முதல் சோற்றுக்கு மட்டன், இரண்டாம் சோற்றுக்கு நண்டு, பிறகு மீன், பிறகு ரசம், மோர். சோற்றுக்கும் குழம்புக்கும் கணக்கில்லை. சுக்காவுக்கும் கோலா உருண்டைக்கும் கணக்கு உண்டு, சோற்றுக்கு இல்லை. அளவுச் சாப்பாடு வாங்கினவரே "இன்னும் கொஞ்சம்" என்று இழுத்தால் பல கடைகளில் ஒரு கரண்டி விழும். நண்டுக் குழம்பை வேண்டாம் என்றால் பரிமாறுகிறவருக்கு முகம் வாடும், "நல்லாருக்கும், ஊத்திப் பாருங்க" என்று வற்புறுத்துவார். அதை நான் ருசி பார்ப்பதால் அவருக்குக் காசு கூடப் போவதில்லை. ஊற்றாமல் விட்டால் கடைக்கு மிச்சம். அப்படியும் ஊற்றுகிறார்.

பசி வேறு, ருசி வேறு. தானம் பசியைப் பார்க்கும், ருசியைப் பார்க்க அதற்கு நேரம் இருக்காது. பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தவர் "உப்புக் குறைச்சல்" என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவரே முறைப்பார். கடையில் அவரே "சாம்பார்ல உப்பு இல்லையேப்பா" என்று சத்தம் போடலாம், போட்டால் யாராவது ஓடிவருவார்கள். குறை சொல்கிற உரிமை சின்ன விஷயம் இல்லை. ஏழைக்கும் நாக்கு உண்டு, அந்த நாக்குக்கும் தீர்ப்புச் சொல்ல வாய் வேண்டும். நன்றி சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறவனால் ருசியைப் பற்றி உண்மை பேச முடியாது.

2013இல் சென்னையில் தொடங்கி மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்த அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று விலை வைத்தார்கள். ஒரு ரூபாயில் அரசாங்கத்துக்கு என்ன கிடைத்துவிடும், இலவசமாகவே கொடுத்திருக்கலாமே என்று என் அலுவலகத்திலேயே வாதம் நடந்தது. அந்த ஒரு ரூபாய் அங்கே வேண்டும் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அந்த ரூபாயைக் கொடுத்து டோக்கன் வாங்கிய மூட்டை தூக்குகிறவர், "நேத்து சாம்பார் இதைவிட நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு நின்றபடி சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு அந்த நாணயம் இடம் கொடுத்தது.

தானத்தை நான் இறக்கிப் பேசவில்லை. 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. அதற்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்தவள் நான். புலால் உண்பவர்களை வேறாகப் பிரித்துச் சொன்ன வள்ளலாரே, அவர்களுக்கும் பசியை ஆற்றத்தான் வேண்டும் என்று சொன்னார். கையில் ஒன்றும் இல்லாதவனுக்கு, முடியாமல் கிடப்பவனுக்கு, தானம்தான் கதி. நான் சொல்வதெல்லாம், அறத்துக்கு அந்த ஒரு வாசல் மட்டும் இல்லை என்பதுதான்.

பெண்ணாக எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அப்பத்தா ஊருக்கே சோறு போட்டார், சரி. அவர் எப்போது சாப்பிட்டார்? எல்லோரும் எழுந்தபின், அடுப்படியில், சட்டியில் ஒட்டியிருந்ததை. என் அம்மாவும் அப்படித்தான். அந்தச் சோற்றுக்கு விலை இல்லை என்று சொன்ன வீடு, அதைச் சமைத்த கைக்கும் விலை வைக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெஸ்ஸில் தனியாகப் போய் உட்காரும் பெண்கள் இந்தப் பக்கம் அபூர்வம். பெண்கள் என்றால் 'ஃபேமிலி ரூம்' உண்டு. பச்சைத் திரை தொங்கும் சின்னத் தடுப்பு, மின்விசிறி பாதி நேரம் ஓடாது. "உள்ள போய் உக்காருங்க தங்கச்சி" என்பார்கள். நான் ஹாலிலேயே உட்காருவேன். முதலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள், "போஸ்ட்டாபீஸ் அக்கா வந்தாச்சு, இலை போடு" என்கிற அளவுக்கு.

அந்த இலை முன்னால் நான் பெற்றதை வேறு எங்கும் பெற்றதில்லை. நான் சமைக்காத சோறு. சூடாக, எனக்கு முதலில். யாருடைய முகத்தையும் பார்த்து அளந்து சாப்பிட வேண்டியதில்லை. முடித்ததும் காசைக் கொடுத்தால் யாருக்கும் யாரும் கடன் இல்லை. விரதம் இருந்து படையல் வைத்துக் கும்பிடும்போது மனதில் வரும் தெளிவு எனக்குப் பல நாள் அங்கே வந்திருக்கிறது. இதைப் புண்ணியம் என்று சொல்லச் சாஸ்திரத்தில் இடம் இருக்கிறதோ இல்லையோ, என் அனுபவத்தில் இருக்கிறது.

கூட வேலை பார்த்த ஒரு தோழியிடம் இதைச் சொன்னபோது அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் கிராமத்து டீக்கடையில் அவர்கள் தெருக்காரர்களுக்குத் தனிக் குவளை. குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அவள் அப்பா இளவட்டமாக இருந்தபோது மதுரைக்கு வந்து, டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஓர் ஓட்டலில் பளிங்குக்கல் மேசையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மசால்தோசை வாங்கித் தின்றாராம். அதே பயணத்தில் மீனாட்சி கோயிலுக்கும் போயிருக்கிறார். ஆனால் சாகும்வரை பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னது மசால்தோசையைத்தான்.

மீனாட்சி கோயில் கதவு அப்படி ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்தது 1939 ஜூலை 8 அன்று. வைத்தியநாத ஐயர் முன்னால் நடக்க, கக்கனும் மற்றவர்களும் உள்ளே போனார்கள். ஓட்டல் கதவு அவ்வளவு நேராகத் திறக்கவில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் 1957இலும் மறியல் நடத்த வேண்டியிருந்தது. இத்தனைக்கும் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு, சாதியாலும் மதத்தாலும் யாரையும் தடுக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் கடைகளையும் பொது உணவகங்களையும் ஓட்டல்களையும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கிணறு, குளம், படித்துறைக்கும் முன்பாக அங்கே உணவகம் வருகிறது. ஒரு தேசத்தின் அடிப்படைச் சட்டத்தில் சாப்பாட்டுக் கடைக்கு இடம் கிடைத்ததை நான் தெய்வீகமான காரியம் என்றே நினைக்கிறேன். எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, மனிதனை மனிதன் ஒதுக்குவது முதலில் இலையில்தான் என்று.

காசு மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். சில வருடங்களுக்கு முன்னால் ஊரின் பெரிய ஓட்டல் ஒன்றில் நடந்ததை நேரில் பார்த்தேன். துப்புரவுப் பணிப் பெண்கள் மூன்று பேர், வேலைச் சீருடையில், காலை டிபனுக்கு உள்ளே வந்தார்கள். காலி மேசைகள் இருந்தன. மேற்பார்வையாளர் அவர்களை வாசலிலேயே நிறுத்தி, "பார்சலா வாங்கிக்கங்க, சீக்கிரம் தந்துருவோம்" என்றார். நான் எழுந்து போய், ஏன் உட்காரக் கூடாது என்று கேட்டேன். "மத்த கஸ்டமர் முகம் சுளிப்பாங்க மேடம்" என்று பதில். "இவங்க கூட்டலைன்னா உங்க கடை வாசல்ல எவன் வருவான்?" என்று சத்தமாகவே கேட்டேன். அதற்குள் அந்தப் பெண்களில் மூத்தவர், "விடுங்கம்மா, வெயில் ஏறுது, எங்களுக்கு வேலை கெடக்கு" என்று பார்சலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பொங்கலும் வடையும். நான் சாப்பிடாமல் வந்தேன், அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை. அங்கே நடந்தது விற்பனையே இல்லை. மேசையை மறைத்துவிட்டுச் சோற்றை மட்டும் கொடுப்பது வியாபாரத்திலும் சேராது, தானத்திலும் சேராது. ஆனால் ஒன்று: அந்தப் பெண்களுக்கு அங்கே ஒரு வழக்கு இருந்தது. நானும் காசு தருகிறேன், ஏன் உட்காரவைக்க மாட்டாய் என்று கேட்கச் சட்டம் இருந்தது. அன்னதானம் செய்கிறவரிடம் அந்த வழக்கை யார் போட முடியும்?

விற்பதையே வேண்டுதலாகச் செய்த ஒரு கூட்டமும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு முழுக்கப் பார்க்கிறோமே, முனியாண்டி விலாஸ், அதன் வேர் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள வடக்கம்பட்டி. வானம் பார்த்த பூமி. விவசாயம் கைகொடுக்காத காலத்தில் ஊர்க்காரர் ஒருவர் 1930களில் காரைக்குடிக்குப் போய்ச் சாப்பாட்டுக் கடை போட்டார், குலசாமி முனியாண்டியின் பெயரை வைத்தார், கடை ஓடியது, சொந்தபந்தமெல்லாம் ஊர் ஊருக்கு அதே பெயரில் கடை திறந்தார்கள். சோற்றுக் கடை போடச் சொன்னதே முனியாண்டிதான் என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஒவ்வொரு நாளும் முதல் வாடிக்கையாளர் கொடுக்கும் பணத்தைச் சாமிக்கு என்று எடுத்துவைக்கும் பழக்கம் அவர்களிடம் உண்டு. தை, மாசி மாதங்களில் திருவிழா. வெளியூர்களில் கடை வைத்திருக்கிறவர்கள் எல்லாம் ஊர் திரும்புவார்கள். நேர்ந்துவிட்ட கிடாய்களை வெட்டி, இரவோடு இரவாக வரிசை வரிசையாக அண்டாவில் பிரியாணி போட்டு, சாமிக்குப் படைத்துவிட்டு, விடியற்காலையில் வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறுவார்கள். பிரசாதமே ஆட்டுக்கறிப் பிரியாணி.

நான் போனபோது இன்னும் சரியாக விடியவில்லை. பனியில் புகை மேலே போகாமல் தரையோடு நின்றது. அண்டாவைத் திறந்து ஓரத்திலிருந்து கரண்டியை விட்டு, சோறு உடையாமல் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆந்திரப் பக்கம் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். வருஷம் முழுக்க விற்கிறீர்களே, அது பாவம் என்று என் அப்பத்தா சொல்வார், உங்களுக்கு எப்படி என்று கேட்டேன். கையை நிறுத்தாமலே சொன்னார்: "அளவுல ஏமாத்துனா பாவம்மா. கெட்டுப்போனதப் போட்டா பாவம். நம்ம வயித்துக்குப் போடாதத அடுத்தவன் வயித்துக்குப் போட்டா பாவம். வித்தா என்ன பாவம்?" பாத்திரத்தை நீட்டச் சொல்லி இரண்டு கரண்டி வைத்தார். சீரகச் சம்பா, கொழுப்பு அதிகம் இல்லாத கறி, காரம் பின்னால் வந்து ஏறுகிற மசாலா. கோயில் பிரசாதம் என்றால் எனக்கு அழகர்கோயில் தோசைதான் உச்சம், மிளகும் சுக்கும் நெய்யும் மணக்க, கெட்டியாக. அதற்குச் சமமாக அந்தப் பிரியாணியை வைப்பேன்.

அவர் சொன்ன மூன்றாவது பாவம் எனக்குள் தங்கிவிட்டது. விற்கும் சோற்றில் அறம் இருக்கிறது என்று இவ்வளவு வாதாடுகிறவள் அந்த அறத்தை எங்கே சோதிப்பது? இலையின் முன் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் சோதித்தால் போதாது. அடுப்படியில் நிற்பவரையும் பார்க்க வேண்டும். இப்போது மதுரையின் சமையற்கட்டுகளில் பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்த பையன்கள். மதியப் பரபரப்பில் நூற்றுக்கணக்கான இலைகளை எடுத்துப் போட்டு, மேசை துடைத்து, பாத்திரம் கழுவிவிட்டு அவர்கள் சாப்பிட உட்கார மூன்றரை, நாலு ஆகும். சில கடைகளில் அவர்களுக்கென்று தனியாக வடித்த மட்ட அரிசிச் சோறும் தண்ணிச் சாம்பாரும். அந்தக் கடையில் எனக்கு ஊற்றிய நண்டுக் குழம்பு எவ்வளவு ருசியாக இருந்தாலும் அதில் ஒரு பொய் கலந்திருக்கிறது. என் அம்மா சட்டியை வழித்துத் தின்றதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் மதுரைக்கு வரும்போது எங்கே சாப்பிடலாம் என்று என்னைத்தான் கேட்பார்கள். கடைப் பெயர்களோடு இப்போது இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: மெதுவாகச் சாப்பிடுங்கள், முடிந்தால் கூட்டம் கலைந்தபிறகும் கொஞ்ச நேரம் இருந்து, பரிமாறினவர்கள் உட்காரும்போது அவர்கள் இலைக்கு எந்தச் சட்டியிலிருந்து குழம்பு வருகிறது என்று கவனியுங்கள். நமக்கு ஊற்றிய அதே வாளியிலிருந்து ஊற்றுகிற கடைகள் இந்த ஊரில் இருக்கின்றன. நான் வழக்கமாகப் போகும் மெஸ்ஸில் முதலாளி கல்லாவை விட்டு இறங்கி வந்து பையன்களோடு ஒரே வரிசையில் உட்காருவார். அங்கே அயிரை மீன் குழம்பு இருக்கிற நாளில் போனால், மற்ற குழம்புகளைக் குறைத்துக்கொண்டு அதற்கு வயிற்றில் இடம் வையுங்கள். இரண்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும்.